பாதமும் பலகையும்: சறுக்குப்பலகையோட்டத்தில் காலுக்குத் தாங்கலும் சௌகரியமும்

சக்கரங்கள் பூட்டிய ஒரு மரப்பலகையின்மேல் ஏறி நின்று, அதனோடு எவ்விதக் கட்டும் பிணைப்பும் இல்லாமலே ஓடவும் திரும்பவும் தாவவும் படிக்கட்டுகளின் உச்சியினின்று பாய்ந்திறங்கவும் துணிகின்ற ஒருவருடைய பாதத்திற்கும் அந்தப் பலகைக்கும் நடுவே இருக்கவேண்டியது யாது என்னும் வினா, அவ்விளையாட்டுத் தோன்றிய நாள் முதலாகக் கேட்கப்பட்டு வருகிறது. குதிரையேறுவோருக்கு அங்கவடி உண்டு. பனிச்சறுக்குவோருக்குக் காலைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு உண்டு. ஸ்கேட்போர்டு என்று வழங்கும் சறுக்குப்பலகையின்மேல் நிற்பவருக்கோ உள்ளங்காலின் உராய்வைத் தவிர வேறு பற்றுக்கோடு கிடையாது. பலகை எந்தப் பக்கம் சாய்கிறது, எப்பொழுது நழுவப்போகிறது என்னும் செய்திகளை மூளைக்கு அனுப்பும் தூதனும் பாதமே. மேலிருந்து இறங்கும் உடலின் பாரம் அனைத்தையும் முதன்முதலில் ஏற்றுக்கொள்ளும் சுமைதாங்கியும் அதுவே. தூதனுக்கு வேண்டியது மெல்லிய திரை. சுமைதாங்கிக்கு வேண்டியது தடித்த மெத்தை. இவ்விரண்டு தேவைகளும் ஒரே ஷூவின் அடித்தளத்தில் வந்து மோதிக்கொள்வதனாலேயே, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வினாவுக்கு ஒருமுகமான விடை நிலைபெறவில்லை.

இதுகாறும் கூறப்பட்ட விடைகளை ஐந்து கட்சிகளாக வகுக்கலாம். பலகையை உணர்வதே முதன்மையென்பது ஒன்று. அதிர்ச்சியைத் தணிக்கும் மெத்தையே முதன்மையென்பது மற்றொன்று. உள்ளங்கால் வளைவைத் தாங்கவேண்டுமென்பது மூன்றாவது. கணுக்காலைக் கட்டிக் காக்கவேண்டுமென்பது நான்காவது. அணிந்தவருக்குச் சுகமாயிருப்பதே சரியான அளவுகோலென்பது ஐந்தாவது. இவை ஒவ்வொன்றும் எந்தத் தேவையினால் பிறந்தன, அவற்றிற்குள்ள ஆதாரம் எத்தன்மையது, அவற்றின் குறைபாடு யாது என்பவற்றை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறுங்காலிலிருந்து தொடங்கிய வரலாறு

சறுக்குப்பலகையின் பிறப்பிடம் கலிபோர்னியாக் கடற்கரையென்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. 1950களில், அலை எழாத நாட்களில் நடைபாதையிலேனும் அலைச்சறுக்கின் இன்பத்தைப் பெற விரும்பிய இளைஞர்கள், கடலில் எப்படி நின்றார்களோ அப்படியே, அதாவது வெறுங்காலுடனேயே, நிலத்திலும் நின்றார்கள். அலைப்பலகையின் முனையில் பத்து விரல்களும் வெளியே நீட்டி நிற்கும் ‘ஹேங் டென்’ என்னும் வித்தையைச் சக்கரப் பலகையிலும் அவர்கள் செய்து காட்டினர். அக்காலத்துச் சக்கரங்களோ உலோகத்தாலும், பின்னர்க் களிமண் கலவையாலும் ஆனவை. சிறு கூழாங்கல் தட்டுப்பட்டாலும் சக்கரம் நின்றுவிடும், ஓட்டுபவர் மட்டும் முன்னே பாய்வார். தோலுரிந்த விரல்களும் கிழிந்த குதிகாலும் அவ்வெறுங்கால் யுகத்தின் அன்றாட அனுபவங்களாயிருந்தன.

1965-ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ராண்டால்ஃப் ரப்பர் கம்பெனி ‘ராண்டி 720’ என்னும் ஷூவைச் சறுக்குப்பலகைக்கென்றே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்விளையாட்டுக்கென உருவான முதற் காலணியென்று அதனையே வரலாற்றாசிரியர் பெரும்பாலும் குறிப்பிடுவர். அந்நிறுவனத்தில் பணிபுரிந்து தொழில் கற்ற பால் வான் டோரன், தம் சகோதரருடனும் கூட்டாளிகளுடனும் சேர்ந்து, 1966-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் தொடங்கிய கடையே பிற்காலத்தில் வான்ஸ் என்று உலகறியப் பெயர் பெற்றது. அந்தக் கடையின் ஷூக்கள் சறுக்குப்பலகையை உத்தேசித்துச் செய்யப்பட்டவையல்ல. எனினும், தடித்துப் பிசுபிசுத்த ரப்பர் அடித்தளம் பலகையை விடாமல் பற்றுவதைக் கண்ட இளைஞர்கள் தாமாகவே அவற்றைத் தேடி வந்தனர். அடித்தளத்தில் முதலில் இருந்த வைரவடிவக் கோலம் முன்பாதத்தின் அடியில் வெடித்ததனால், அவ்விடத்தை வலுப்படுத்தக் குறுக்கே கோடுகள் சேர்க்கப்பட, அதனின்று பிறந்ததே இன்றளவும் தொடரும் ‘வாஃபிள்’ கோலம்.

1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபின் வேகம் பெருகிற்று. வேகத்தோடு வீழ்ச்சியும் பெருகிற்று. 1976-இல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா என்னும் புகழ்பெற்ற ஓட்டக்காரர்களின் ஆலோசனையோடு வான்ஸ் வெளியிட்ட ‘எரா’ என்னும் ஷூவில் கணுக்காலைச் சுற்றி மெத்தை வைத்துத் தைத்த விளிம்பு இடம்பெற்றது. ஓட்டுபவரின் காலுக்குச் சௌகரியம் வேண்டுமென்னும் எண்ணம் ஓட்டுபவரின் வாய்மொழியிலிருந்தே ஷூவின் வடிவத்துக்குள் புகுந்தமைக்கு இது ஒரு தொடக்ககாலச் சான்றாகும்.

ஓர் ‘ஆலி’யின் உள்ளே

கட்சிகளை ஆராயுமுன், பாதம் உண்மையில் செய்கின்ற தொழில் யாதென்று அணுகிப் பார்ப்பது அவசியம். இன்றைய தெரு ஓட்டத்தின் அடிப்படை வித்தை, கையால் தொடாமலே பலகையோடு மேலெழும்பும் ‘ஆலி’ ஆகும். 1970களின் பிற்பகுதியில் ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபாண்ட் குழிவான தளத்தின் சரிவில் செய்து காட்டிய இதனை, 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார்.

இதில் இரண்டு கால்களும் ஒரே தொழிலைச் செய்வதில்லை. பின்கால், தன் முன்பாதத்தின் பந்துபோன்ற பகுதியால், பலகையின் வாலைத் தரையில் ஓங்கித் தட்டுகிறது. அதே கணத்தில் முன்கால் கணுவிலிருந்து உட்பக்கமாக மடிந்து, சுண்டுவிரலோரம் பலகையில் படும்படி சாய்ந்து, பலகையின் மேல் ஒட்டப்பட்டுள்ள உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான கிரிப் டேப்பின்மீது உரசிக்கொண்டே முனைநோக்கி ஏறுகிறது. ஓட்டக்காரர் ஒருவருடைய பழைய ஷூவைக் கையிலெடுத்துப் பார்த்தால் இது விளங்கும்: முன்கால் ஷூவின் சுண்டுவிரற்பக்கத்தில் தோல் தேய்ந்து ஓட்டை விழுந்து காலுறை எட்டிப் பார்க்கும், பின்கால் ஷூவிலோ அந்த இடம் அவ்வளவு தேய்ந்திராது. கான்வாஸ் துணி இவ்வுராய்வுக்குச் சில நாட்களே தாங்குமாதலால், ஸ்வேட் தோல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இவ்வாறு ஒரு காலின் ஷூ மட்டும் கிழிந்துபோவதை அறிந்த வான்ஸ் கடைக்காரர்கள், அந்நாட்களில் ஒற்றை ஷூவைத் தனியே விற்றதும் உண்டு.

இறங்கும்பொழுது நேர்வது வேறு. ஃபிரெடரிக், டிடர்மன், விட்டில்ஸி, ஹாமில் என்னும் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ச்சிபெற்ற எழுவர் 45.7 சென்டிமீட்டர் உயரமுள்ள மரமேடையின்மேல் ஆலி செய்து ஏறியும் அதிலிருந்து இறங்கியும் காட்ட, தரை திருப்பித் தரும் விசை அளக்கப்பட்டது. ஏறும்பொழுது வாலைத் தட்டும் விசை உடலெடையின் 2.2 மடங்களவாயிருக்க, இறங்கும்பொழுது அது சராசரி 4.7 மடங்குக்கு உயர்ந்தது. அவ்வுச்சியும் தரை தொட்ட 30 முதல் 80 மில்லி செகண்டுக்குள் எட்டப்பட்டது. முழங்காலை மடித்து இறங்கியும், உயரம் அரை மீட்டருக்குக் குறைவாயிருந்தும், விசை எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தது. பலகையை நிலைநிறுத்தும்பொருட்டு ஓட்டக்காரர்கள் வேண்டுமென்றே அழுந்த ஊன்றி இறங்குவதை அதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் கூறினர். இக்குறிப்பு, பின்னே மெத்தையைப் பற்றிய விவாதத்தில் மீண்டும் நினைவுகூரத்தக்கது.

முதற் கட்சி: உணர்வே பிரதானம்

பலகையை உள்ளங்காலால் அறிதலை ஓட்டக்காரர்கள் ‘போர்டு ஃபீல்’ என்பர். பலகையுணர்வு என்று நாம் வழங்கலாம். மெல்லிய அடித்தளமே உத்தமமென்று கூறுவோர் இதனையே ஆதாரமாகக் கொள்வர். வல்கனைஸ் முறையில், ரப்பர்ப் பட்டையை மேற்பகுதியைச் சுற்றி ஒட்டி அடுப்பிலிட்டு வேகவைத்துச் செய்யப்படும் ஷூக்கள் எளிதில் வளைவன. பலகையின் விளிம்பும், டிரக் என்னும் அச்சைப் பொருத்திய ஆணிகளின் தலையும் காலுக்குத் தெரியும். கிக்ஃப்ளிப் போன்ற வித்தைகளில் பலகையை ஒரு விரலோரத்தால் சுண்டிச் சுழற்ற வேண்டியிருத்தலால், இத்தகைய நுண்ணுணர்வு அலங்காரமன்று. அது தொழிலுக்கே மூலாதாரம்.

இக்கொள்கைக்கு உடலியலிலும் துணையுண்டு. கெனடி, இங்லிஸ் என்னும் இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரின் உள்ளங்கால் தோலில் தொடுவுணர்வு தரும் 104 நரம்பு முனைகளின் இயல்பைத் தனித்தனியே பதிவுசெய்து, அவை பாதம் முழுவதும் பரவியிருப்பதையும், நிற்றலிலும் சமநிலை காத்தலிலும் அவற்றிற்குப் பங்கிருக்கக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டினர். தடித்த மெத்தை இச்செய்திகளை மழுங்கச் செய்யலாம் என்னும் அனுமானம் இயல்பானதே. வெறுங்கால் ஓட்டம் இறந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும் சாட்சியுண்டு: மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியின் சறுக்குப்பலகை வாழ்வைச் சித்திரித்து, 2020-இல் பிரிட்டிஷ் அகாடமி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற ‘கமலி’ என்னும் குறும்படத்தின் நாயகி, வெறுங்காலுடன் பலகையேறியமைக்காகவே முதலில் உலகின் கவனத்தைக் கவர்ந்தவள்.

எனினும் இக்கட்சிக்கு இரண்டு குறைபாடுகள் உண்டு. உணர்வு மிகுமென்பதிலிருந்து காயம் குறையுமென்பது தானே சித்திக்காது. அவ்விரண்டையும் இணைத்துக் காட்டும் நேரடி ஆதாரம் சறுக்குப்பலகை விஷயத்தில் மெலிந்தே காணப்படுகிறது. மேலும், உயர்ந்த படிகளிலிருந்து இறங்கும்பொழுது பலகை நழுவி, குதிகால் நேரே சிமெண்டுத் தரையைத் தாக்குமானால், மெல்லிய அடித்தளம் அங்கே எவ்வுதவியும் செய்யாது. ‘ஹீல் ப்ரூஸ்’ என்று அவர்கள் சொல்லும் குதிகால் கன்றல், வாரக்கணக்கில் ஒருவரைப் பலகையிலிருந்து விலக்கிவைக்கும் துன்பமாகும்.

இரண்டாம் கட்சி: மெத்தையே காப்பு

1990களில் ஓட்டத்தின் களம் மாறிற்று. ராம்ப் என்னும் வளைந்த சரிவுகளில் வீழ்வோர் முழங்காற் காப்பின்மேல் சறுக்கிக் கீழிறங்கி விடுவர். தெருவிலோ கைப்பிடிக் கம்பிகளிலிருந்தும் நீண்ட படிவரிசைகளிலிருந்தும் இரண்டு கால்களாலேயே இறங்கித் தீரவேண்டும். 1994-இல் தோன்றிய டிசி, 1995-இல் தோன்றிய ஈஎஸ் முதலிய நிறுவனங்கள் கூடைப்பந்து ஷூவையும் ஓட்டப்பந்தய ஷூவையும் முன்மாதிரியாகக் கொண்டு, அடித்தளத்தைக் கிண்ணம்போல் வார்த்து மேற்பகுதியை அதனுள் வைத்துத் தைக்கும் கப்சோல் முறையையும், குதிகாலடியில் காற்றுப்பைகளையும், பருத்த நாக்கையும் கொண்டுவந்தன. டேவ் மேஹ்யூவின் பெயர் தாங்கிய ஓசிரிஸ் டி3 இப்போக்கின் உச்சமெனத் தகும். 2002-இல் நைக்கி நிறுவனம் தன் எஸ்பி பிரிவைத் தொடங்கியபொழுது, உட்தளத்தின் குதிகாற் பகுதியில் ஜூம் ஏர் என்னும் மெல்லிய காற்றறையைப் பொருத்தியது. சில ஆண்டுகளுக்குள் போக்கு மீண்டும் மெலிந்த ஷூவின் பக்கம் திரும்பிற்றாயினும், மெத்தை மறையவில்லை. அடித்தளத்தைவிட்டு, கழற்றி மாற்றக்கூடிய இன்சோலுக்குள் அது குடிபெயர்ந்தது. வான்ஸின் அல்ட்ராகுஷ், பாப்குஷ் முதலியன இவ்வகையின.

மெத்தை எவ்வளவு செய்ய இயலும் என்பதை ஓர் எளிய கணக்கால் மதிப்பிடலாம். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான 45.7 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வீழும் உடலை, 6 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் ஒரு மெத்தையே முழுவதும் நிறுத்தவேண்டுமாயின், அது தாங்கவேண்டிய சராசரி விசை உடலெடையின் எழுபது மடங்குக்கும் மேலாகும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடிந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் அதே உடலை நிறுத்தினால், சராசரி விசை இரண்டரை மடங்கோடு நின்றுவிடும். ஆதலின், வீழ்ச்சியின் ஆற்றலை உண்மையில் விழுங்குவது தசைகளே. இன்சோலின் பணி, தசைகள் தொழிற்படுவதற்கு முந்திய அந்த முதற் சில மில்லி செகண்டுகளின் கூர்மையை மழுக்குவதும், விசையைக் குதிகாலின் ஒரு புள்ளியிலிருந்து பரந்த இடத்துக்குப் பகிர்ந்தளிப்பதுமேயாம். இஃது அற்பப் பணியன்று. ஆனால் விளம்பரங்கள் சில சமயம் உணர்த்துவதுபோல் சர்வரோக நிவாரணியும் அன்று.

இதனினும் கூர்மையான ஆட்சேபம், மான்ட்ரியல் நகரத்து ஸ்டீவன் ராபின்ஸும் அவர்தம் சகாக்களும் 1990களில் எழுப்பியது. மெத்தென்ற தளத்தின்மேல் காலை இறக்குவோர், உறுதியான பிடிப்பைத் தேடி, கடினத் தளத்தில் இறங்குவதைவிட வலுவாகவே காலை ஊன்றுகிறார்கள் என்பது அவர்களுடைய பரீட்சைகளின் முடிவு. முன்னே குறிப்பிட்ட ஆலி ஆய்வில், ஓட்டக்காரர்கள் நிலைபெறும்பொருட்டு அழுந்த ஊன்றினர் என்று கண்டதோடு இதனைச் சேர்த்து நோக்கினால், மிகத் தடித்த மெத்தை, தான் தருவதாகச் சொல்லும் பாதுகாப்பின் ஒரு பகுதியைத் தானே திரும்பப் பறித்துக்கொள்ளக்கூடும் என்னும் ஐயம் எழுகிறது. ஆனால் ராபின்ஸின் பரீட்சைகள் பலகையின்மேல் நிகழ்ந்தவையல்லவாதலால், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மெத்தையின் பொருளும் ஆயுளும் வேறொரு பிரச்சினை. ஈவிஏ என்னும் நுரைப்பொருள் இலேசானது. ஆனால் அடிபடப் பட அதன் நுண்ணறைகள் நசுங்கி, பழைய உயரத்துக்கு மீளாமற் போகின்றன. பாலியூரித்தேன் கனமானது, ஆயினும் நெடுநாள் மீள்சக்தி உடையது. புதிய ஷூவில் இருந்த காப்பு, வெளியே ஓட்டை விழுமுன்னரே உள்ளே தீர்ந்துபோயிருக்கலாம் என்பதை அணிபவர் கண்ணால் காணமுடியாது.

இவ்விடத்தில் 1988-இல் ஜோர்கன்சன், எக்ஸ்ட்ராண்ட் என்பவர்கள் காட்டிய ஒரு வழி கருதத்தக்கது. குதிகாலெலும்பின் அடியில் இயற்கையே வைத்துள்ள கொழுப்புத் திண்டு, நார்ச்சுவர்களால் தடுக்கப்பட்ட சிறு சிறு அறைகளாலானது; பாரம் ஏறும்பொழுது அது பக்கவாட்டில் பிதுங்குகிறது. குதிகாலை ஒரு கிண்ணத்துள் இறுக அமர்த்தி அப்பிதுக்கத்தைத் தடுத்தால், திண்டின் அதிர்ச்சியேற்கும் ஆற்றல் கூடுகிறதென்று அவர்கள் கண்டனர். புறத்தே மெத்தை சேர்ப்பதைவிட, உடலோடு பிறந்த மெத்தையைச் சிதறாமல் காப்பதே சிறந்ததென்னும் இக்கருத்து, உணர்வுக் கட்சிக்கும் மெத்தைக் கட்சிக்கும் இடையே ஒரு சமரச மார்க்கத்தைத் திறக்கிறது.

மூன்றாம் கட்சி: வளைவுக்குத் தாங்கல்

உள்ளங்கால் வளைவைக் கீழிருந்து தாங்குதல் சறுக்குப்பலகைக்கு மிக முந்திய மருத்துவ மரபு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நியூயார்க்கு மருத்துவர் ராயல் விட்மன் தட்டைப்பாதத்துக்கு உலோகத் தகடு வகுத்தார். 1904-இல் வில்லியம் ஷோல் வளைவுத்தாங்கியை வணிகப் பொருளாக்கினார். 1960களையொட்டி மெர்ட்டன் ரூட், பாதத்தின் ‘நடுநிலை’யை அளந்து அதற்கேற்பத் தாங்கி செய்யும் முறையை அமெரிக்கப் பாத மருத்துவத்தில் வேரூன்றச் செய்தார். விளையாட்டுக்காரருக்கு விற்கப்படும் இன்சோல்கள் பலவற்றின் வளைவுமேடு இம்மரபின் வாரிசே.

இதனை ஐயுறுவோர் வளைவின் இயல்பையே சுட்டுவர். 1954-இல் ஹிக்ஸ் என்பவர், விரல்கள் மேல்மடங்கும்பொழுது உள்ளங்கால் நார்ப்பட்டை, கிணற்று ராட்டினத்தில் சுற்றும் கயிறுபோல் இறுகி வளைவை உயர்த்துவதை விளக்கினார். 1987-இல் கெர் முதலானோர், ஓடும்பொழுது ஒவ்வோர் அடியிலும் கைமாறும் ஆற்றலில் ஏறத்தாழ 17 சதவீதத்தை வளைவு வில்போல் சேமித்துத் திருப்பித் தருவதாகக் கணித்தனர். விறைத்த முட்டு கொடுத்து இவ்வில்லை அசையாமற் செய்வது நன்மையோ தீமையோ என்பது நியாயமான கேள்வி.

பெரிய பரீட்சைகளின் சாட்சியமும் ஒருமுகப்பட்டதன்று. அமெரிக்கப் படைகளில் புதிதாய்ச் சேர்ந்தோருக்கு அவர்தம் வளைவின் உயரத்தைப் பார்த்து ஷூ வகையைத் தெரிந்தெடுத்துக் கொடுத்ததனால் காயங்கள் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லையென்று நேப்பிக்கும் அவர் குழுவினரும் 2009 முதல் வெளியிட்ட ஆய்வுகள் கூறின. இதற்கு மாறாக, பிரிட்டிஷ் கடற்படைக் கல்லூரியில் பயின்றோருள் பாத அழுத்தம் முறைபிறழ்ந்தவராகக் காணப்பட்ட 400 பேரைக் கொண்டு ஃபிராங்க்ளின்-மில்லர் முதலானோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவரவர்க்கெனச் செய்த தாங்கிகள் காயத்தைக் குறைத்தன. எல்லார்க்கும் பொதுவாகத் தாங்கல் வகுப்பது வேறு, ஆபத்துள்ளவரை அறிந்து வகுப்பது வேறு என்று இவற்றை ஒருவாறு சமன்செய்து படிக்கலாம்.

ஆயினும் இவையெல்லாம் அணிவகுத்து நடக்கும் கால்களைப் பற்றியவை. சறுக்குப்பலகையில் நிற்பவரோ பலகைக்குக் குறுக்கே பாதம் வைத்து, விரல்நுனிப்பக்கமும் குதிகாற்பக்கமும் மாறி மாறி அழுத்தித் திருப்புகிறார். அன்றியும், அவர் காலடியிலிருக்கும் தரை தட்டையானதன்று. மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தகடுகளை அழுத்தி ஒட்டிய பலகை, இரு ஓரங்களும் சற்றே உயர்ந்து நடுவில் குழிந்திருக்கிறது. அக்குழிவின் வடிவமும் பாதத்தைத் தாங்கும் கருவியின் ஒரு பாதியேயாதலால், ஷூவை மட்டும் தனித்து ஆராய்வது பாதிக் காட்சியையே தரும். வளைவுத் தாங்கலின் தேவை மிகத் தெளிவாகத் தோன்றுவது வித்தையோட்டத்தில் அன்று, நெடுந்தூர ஓட்டத்திலேயே எனலாம்: அங்கே ஒரு கால் மணிக்கணக்கில் மடிந்த முழங்காலோடு பலகைமேல் பாரம் தாங்கி நிற்க, மற்றது ஓயாமல் தரையை உந்துகிறது, நிற்கும் காலின் உள்ளங்கால் சோர்ந்து எரிவதே அவ்வோட்டக்காரர்களின் முதல் முறையீடு.

நான்காம் கட்சி: கணுக்காலைக் கட்டுதல்

1978-இல் வான்ஸ் வெளியிட்ட எஸ்கே8-ஹை கணுக்காலை மூடும் உயர்ந்த கழுத்துடையது. 1980களின் ராம்ப் ஓட்டத்தில் அத்தகைய உயர்கழுத்து ஷூக்கள் கோலோச்சின. பலகை துள்ளிவந்து கணுவெலும்பைத் தாக்கும் அடியிலிருந்து அவை காத்தன என்பதில் ஐயமில்லை. சுளுக்கைத் தடுத்தனவா என்பதே விவாதத்துக்குரியது. கூடைப்பந்தாடும் கல்லூரி மாணவர் 622 பேரைக் கொண்டு 1993-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உயர்கழுத்து ஷூவும் தாழ்கழுத்து ஷூவும் சுளுக்கு விஷயத்தில் வேறுபடவில்லை. அதற்கடுத்த ஆண்டில், வெஸ்ட்பாயின்ட் இராணுவக் கல்லூரியில் கூடைப்பந்தாடிய 1,601 பேரிடை நிகழ்ந்த ஆய்வோ, அரைவிறைப்பான கணுக்கட்டு காயத்தைக் குறைத்ததாகக் காட்டிற்று. துணிக்கழுத்து போதாது, உறுதியான கட்டு வேண்டும் என்பது இவ்விரண்டாலும் பெறப்படும் அனுமானம்.

ஆனால் சறுக்குப்பலகையில் இவ்வனுமானம் ஒரு முட்டுக்கட்டையைச் சந்திக்கிறது. ஆலியில் முன்கால் உட்பக்கமாக மடிகின்ற அந்த அசைவும், கணுக்கால் சுளுக்குகின்ற அசைவும் ஒரே திசையின. பின்னதை முற்றிலும் தடுப்பது முன்னதையும் தடுத்துவிடும். இதனை ஓட்டக்காரர்கள் ஆய்வுக்கூடத்தில் அல்ல, கத்தரிக்கோலால் கண்டறிந்தனர். ஸ்டீவ் கபலேரோவின் பெயரால் வெளிவந்த உயர்கழுத்து ஷூவை, தெரு வித்தைகளுக்குத் தோதாகக் கழுத்தை வெட்டி, வெட்டுவாயை ஒட்டுநாடாவால் சுற்றி அவர்கள் அணியத் தொடங்கவே, வான்ஸ் நிறுவனம் 1992-இல் அந்தப் பாதிக் கழுத்தையே ‘ஹாஃப் கேப்’ என்று செய்து விற்றது. முன்பு சுளுக்கியவர்களுக்குக் கணுக்கட்டு தகுமென்பதும், ஏனையோருக்கு அது கட்டாயமன்றென்பதும் இன்றைய நிலையில் எச்சரிக்கையோடு சொல்லக்கூடியன.

ஐந்தாம் கட்சி: சுகமே அளவுகோல்

கால்கரி பல்கலைக்கழகத்துப் பென்னோ நிக் என்பவரும் அவர் குழுவினரும் 2015-இல் முன்வைத்த சித்தாந்தம், இவ்விவாதம் முழுவதையும் வேறொரு கோணத்திலிருந்து நோக்குகிறது. ஒவ்வோர் உடலும் தனக்கு இயல்பான ஓர் அசைவுப் பாதையை உடையது. அப்பாதையை மாற்றாத காலணியே உடலுக்குச் சுகமாகத் தோன்றும். ஆகவே சுகவுணர்வைச் சல்லடையாகக் கொண்டு தெரிந்தெடுத்தால் காயமும் குறையலாம் என்பது அதன் சாரம். 2001-இல் அதே பல்கலைக்கழகத்தார் 206 படைவீரர்களிடை நடத்திய ஆய்வில், ஆறு வகை இன்சோல்களுள் தமக்குச் சுகமானதைத் தாமே தெரிந்துகொண்டோர், சாதாரண இன்சோலோடிருந்தவரைவிடக் குறைவாகவே வலியும் காயமும் அடைந்தனர். எல்லார்க்கும் சுகமான ஒரே இன்சோல் என்று ஒன்று இருக்கவுமில்லை.

இக்கொள்கை மனிதருக்கு மனிதர் வேறுபாட்டை மதிக்கின்றமையால் மனத்தைக் கவர்வது. ஆனால் கடையில் நின்று அழுத்திப் பார்க்கும்பொழுது தோன்றும் சுகமும், பத்துப் படிகளிலிருந்து இறங்கும்பொழுது வேண்டப்படும் சுகமும் ஒன்றல்ல. புதிய ஷூ விறைப்பாயிருத்தலும், சில நாள் ஓட்டத்துக்குப்பின் இளகிக் காலோடு ஒன்றுபடுதலும் ஓட்டக்காரர் அனைவரும் அறிந்ததே. சுகவுணர்வு எந்த நாளில் அளக்கப்படவேண்டும் என்பது அதனால் தீராத கேள்வியாகிறது. தாம் போற்றும் வீரரின் பெயர் பொறித்த ஷூ இளைஞருக்கு இயல்பாகவே சுகமாகத் தோன்றக்கூடும் என்பதையும் இவ்வளவுகோல் கணக்கிலெடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவான மதிப்பீடு

ஐந்து கட்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால், அவை ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், உண்மையில் பாதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றியும் வெவ்வேறு கணங்களைப் பற்றியும் பேசுகின்றன என்பது புலப்படும். பலகையை உணர்வது பெரும்பாலும் முன்பாதத்தின் தொழில், வீழ்ச்சியின் கன்றலை ஏற்பது பெரும்பாலும் குதிகாலின் விதி, சோர்வது வளைவு, பிசகுவது கணு. ஆதலால், முன்பாதத்தில் மெலிந்தும், குதிகாலைக் கிண்ணம்போல் தழுவி அங்கு மட்டும் தடித்தும், வேண்டுவோர் வேண்டியபொழுது மாற்றிக்கொள்ளத்தக்க இன்சோல் உடையதுமான ஷூவே இன்றைய அறிவுக்கு ஒத்த சமரசமென்று கூறலாம். வளைவுத் தாங்கலை நோயுற்றவருக்கும் நெடுந்தூரம் செல்வோருக்கும் உரியதாகவும், கணுக்கட்டை முன்பு காயமுற்றோருக்கு உரியதாகவும் கொள்வது பொருந்தும். இவை இயற்பியலோடும் உடலியலோடும் இசைவனவேயன்றி, பலகையோட்டக்காரரிடையே நெடுநாள் நிகழ்ந்த பரீட்சைகளால் நிலைநாட்டப்பட்டவையல்ல. பெரும்பாலான சாட்சியம் படைவீரரிடமிருந்தும் கூடைப்பந்தாட்டக்காரரிடமிருந்தும் கடன் வாங்கப்பட்டதே. முழங்காலை மடித்து இறங்கும் பயிற்சியையும், கன்றிய குதிகாலுக்கு வேண்டும் ஓய்வையும் எந்த இன்சோலும் ஈடுசெய்யாது என்பது மட்டும் தயக்கமின்றிச் சொல்லத்தக்கது.

திறந்தே நிற்கும் வினாக்களுள் வயதைப் பற்றியது அவசரமானது. 2021-இல் டோக்கியோவில் சறுக்குப்பலகை முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபொழுது, பதக்க மேடையேறியவர்களுள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியர் இருந்தனர். அவ்வயதில் குதிகாலெலும்பின் வளர்முனை இன்னும் முழுமையாக ஒன்றிணைந்திராது. அவ்விடத்தில் எழும் வலியை 1912-இலேயே ஜேம்ஸ் செவர் விவரித்திருக்கிறார். மறுபுறம், ஆண்டுகள் ஏற ஏறக் குதிகாற் கொழுப்புத் திண்டு தன் நெகிழ்வை இழக்கிறது. முதல் தலைமுறை ஓட்டக்காரர்களோ இன்று முதுமையிலும் பலகையை விடாதிருக்கின்றனர். வளரும் காலுக்கும் தளரும் காலுக்கும் வளர்ந்த இளைஞனின் காலை அளவாக வைத்துச் செய்த ஷூவே போதுமா என்பதை இவ்விளையாட்டு இனிமேலும் ஒத்திப்போடலாகாது.

மற்றொன்று இரு கால்களின் வேறுபாடு. ஒரு கால் உரசி ஏறுகிறது, மற்றது ஓங்கித் தட்டுகிறது. ஒன்று விளிம்பில் தேய்கிறது, மற்றது அடியில் தேய்கிறது. இருந்தும் பெட்டியைத் திறந்தால் உள்ளேயிருப்பது இடமும் வலமும் மட்டுமே வேறான, மற்றெல்லா வகையிலும் ஒத்த இணைதான். அன்று அனஹைம் கடைக்காரர் கிழிந்த ஒரு காலுக்கு மட்டும் புதிய ஷூ எடுத்துக் கொடுத்தபொழுது இவ்வேறுபாட்டை வியாபாரத்தின் வழியே ஒப்புக்கொண்டார். தாங்கலிலும் மெத்தையிலும் அந்த வேறுபாட்டுக்கு இடமளிப்பது நன்மை தருமா என்பது இன்னும் முறையாகச் சோதித்துப் பார்க்கப்படவேண்டியதாகவே நிற்கிறது.